ஊமைக்கு வந்த பாட்டு

கல்லூரியில் நான் வருஷா வருஷம் நடத்திய வகுப்பு ஒன்று உண்டு. பாடத்திட்டத்தில் கிடையாது, நானாகச் சேர்த்துக்கொண்டது. பழைய தமிழ் நூல்களில் ஊமைகளும் திக்குவாயர்களும் குரல் போனவர்களும் எப்படி வருகிறார்கள் என்பது பொருள். திருவனந்தபுரத்தில் தமிழ் எம்.ஏ. படிக்க வருகிறவர்கள் ஒரு பெஞ்சை நிரப்பினாலே பெரிய காரியம். அவர்களிலும் பாதிப்பேர் நான் சொல்லும் தமிழை மலையாள எழுத்தில் குறித்துக்கொள்வார்கள். அவர்களிடம் சொல்வேன். மிகப் பழைய பாட்டுகளில் ஊமை ஒரு ஆள் இல்லை, அடுத்தவனுடைய தவிப்புக்கு ஓர் உவமை. பிறகு வந்த நூல்களில் கூன், குருடு, செவிடு என்ற வரிசையில் அவனும் நிற்பான். அதற்கும் பிறகு தலபுராணக் கதைகளில்தான் அவனுக்கு வாழ்வு. கோயிலில் கொண்டுபோய்க் கிடத்துவார்கள், சாமி இரங்கும், ஊமை வாய் திறப்பான், திறந்ததும் பாட்டு. பேச்சு கிடைத்த ஒருத்தனாவது 'குடிக்கத் தண்ணி குடு' என்று கேட்டிருக்கிறானா பாருங்கள் என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது.

அவர் ஆரியசாலைக் கடைத்தெருவில் மல்லி, சீரகம், மிளகு மொத்த வியாபாரம். பூர்வீகம் திருநெல்வேலி. கடையில் நாள் முழுக்க மலையாளம் பேசிவிட்டு, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே திருநெல்வேலித் தமிழுக்கு மாறிவிடுவார். என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் வீடு கோட்டைக்குப் பக்கத்துச் சந்தில் நீளவாக்கில் கிடக்கும் வீடு. முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, கடைசியில் இருக்கும் அடுக்களைக்குக் கேட்கும்படி 'ஏளா' என்பார். வெறும் ஏளா இல்லை. ஏ-யில் சாதாரணமாக ஆரம்பித்து, ளா-வை மேலே தூக்கி, அங்கேயே கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பார். நான் அடுக்களையிலிருந்து 'இந்தா வாரேன்' என்பேன். சொன்னதும் போகிற வழக்கமெல்லாம் இல்லை. தாளித்து இறக்கிவிட்டுத்தான் போவேன். அவரும் மறுபடி கூப்பிட மாட்டார். பதில் வந்துவிட்டதல்லவா, அது போதும் அவருக்கு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் அதிகம் புழங்கிய சத்தம் இந்த இரண்டும்தான். முப்பது வருஷத்துக்கு மேல்.

அன்றைக்குக் காலையிலும் ஏளா என்றார். இந்தா வாரேன் என்றேன். காப்பியோடு போனபோது நாற்காலியில் வலது பக்கமாகச் சரிந்து கிடந்தார். வாய் கோணியிருந்தது. அந்த நேரத்தைப் பற்றி எனக்கு மனசாட்சி உறுத்தல் ஒன்றும் கிடையாது. கொஞ்சம் முந்திப் போயிருந்தாலும் இதேதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அழுதது வேறொன்றுக்காக.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வலது கையிலும் காலிலும் அசைவு இல்லை, பேச்சும் இல்லை. நாம் சொல்வது ஏறக்குறைய புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறப்பார். உள்ளே சொல் இருக்கிறது, அது எனக்குத் தெரிகிறது, அவருக்கும் தெரிகிறது. 'த' என்று வரும். பிறகு 'த, த, த'. நெற்றி வேர்க்கும். தண்ணீரா என்றால் தலையை ஆட்டுவார். தலையணையா என்றாலும் ஆட்டுவார். தம்பியா என்றாலும் ஆட்டுவார். ஆமாவும் இல்லையும்கூட அவருக்குள் கலந்துபோயிருந்தன. கொஞ்ச நேரத்தில் இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு எத்தனையோ மத்தியானங்கள் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேறெதுவும் வேண்டாம், இந்த மனுஷன் என்னோடு ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று ஆகிவிட்டது. திட்டினாலும் சரிதான்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வர ஆரம்பித்தாள். ஊருக்கு வெளியே கழக்கூட்டத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாள், அந்த ஹைவே தூசியெல்லாம் முகத்தில் அப்பியிருக்கும். மலையாளி. கூடத் தங்கியிருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்களிடம் பழகிய அரைகுறைத் தமிழ். படங்களைக் காட்டி, வாயை நன்றாகத் திறந்து, 'தண்ணி, தண்ணி' என்று அவள் சொல்ல, அவர் அவளுடைய வாயைப் பரிதாபமாகப் பார்ப்பார். வாரக்கணக்கில் ஒரு அட்சரம் நகரவில்லை.

அப்போதுதான் மதினி வந்து சேர்ந்தாள். அவருடைய அக்கா, திருநெல்வேலியில் தனியாக இருப்பவள். தம்பிக்கு இப்படி ஆனதும் பெட்டியோடு வந்துவிட்டாள். கெட்டிக்காரி. வந்த அன்றே அவருக்குச் சோறு ஊட்டும் வேலையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது, ஆனால் அவள் வராவிட்டால் நான் படுத்திருப்பேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதினி விளக்கேற்றிவிட்டு, தணலில் சாம்பிராணி போட்டு முன்னறைக்குக் கொண்டுவந்தாள். புகை கட்டிலைச் சுற்றியது. அவர் மூக்கு விடைத்தது. திடீரென்று, சுருதி சுத்தமாக, ஒரு இடறல் இல்லாமல், முருகன் பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தார். கடை திறந்ததும் சாம்பிராணி போட்டுக்கொண்டே தினமும் அவர் பாடுகிற பாட்டு. மயில், வேல், வள்ளி, தினைப்புனம், எல்லாம் பொலபொலவென்று வந்து விழுகின்றன. 'த'-வைத் தாண்டாத வாயிலிருந்து 'தணிகை' வருகிறது. மதினி தூபக்காலை அப்படியே தரையில் வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். நானும் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாட்டு முடிந்தது. ஓடிப்போய் அவர் முகத்தைப் பிடித்து, "பேசுங்க, என்ட்ட பேசுங்க" என்றேன்.

"த," என்றார். "த, த."

அவ்வளவுதான். பாட்டு மட்டும்தான் வந்திருந்தது.

மறுநாள் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "டீச்சரே, இது பேச்சு அல்ல, கேட்டோ. பாட்டு, மந்திரம், ஒண்ணு ரெண்டு எண்றது, சீத்தவிளி, அதான் கெட்ட வார்த்தை, இதெல்லாம் தலையில வேற பாகத்துல இருக்கும். தானே ஓடும். சேட்டனுக்கு நிறுத்தணும்னு தோணினாலும் நிறுத்த முடியாது. சங்கடப்படக்கூடாது," என்றாள். எனக்கு வகுப்பு ஞாபகம் வந்தது. கோயில் வாசலில் வாய் திறந்த அத்தனை ஊமைகளும் ஞாபகம் வந்தார்கள். அந்தக் கதைகளை எழுதினவன் இப்படி ஒரு ஆளை நேரில் பார்த்திருப்பான் என்று முதல் தடவையாகத் தோன்றியது. பாட்டு முடிந்ததும் அந்த ஆள் வீட்டுக்குப் போய் என்ன பாடுபட்டான் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டான், படுபாவி.

செய்தி சந்து முழுக்கப் பரவியது. ஆரியசாலைக் கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். மாலை, பழம், திருநீறு. மதினி சாம்பிராணி போடுவாள், அவர் பாடுவார், வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒரு அம்மாள் தன் பேசாத பேரப்பிள்ளையைத் தூக்கிவந்து அவர் இடது கையைப் பிடித்து அதன் தலையில் வைத்துவிட்டுப் போனாள். பாட்டு முடிந்ததும் எல்லோரும் அவரிடம் அல்ல, மதினியிடம் பேசுவார்கள். பாடுகிறவர் சௌக்கியமாக இருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டார்கள். அவர் என்னைத் தேடிப் பார்ப்பார், 'த' என்பார், அதற்குள் அடுத்த கூட்டம் செருப்பைக் கழற்றும்.

"முருகன் குடுக்க ஆரம்பிச்சிட்டான். இனி அந்தப் பொண்ணு எதுக்கு? பேச்சு சொல்லித்தாரேன்னு அவன் காரியத்துல குறுக்க நிக்கதா," என்று மதினி ஒருநாள் பயிற்சியை நிறுத்திவிட்டாள். நான் அரிசி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். வந்து தெரிந்ததும் நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மலையாளிக் குடும்பம் ஜன்னலுக்கு வந்தது.

"மதினி, அவுக பாடுதாக. சரி. வயிறு வலிச்சா என்ன செய்வாக? அதுக்கும் மயிலேறி வருவானா?"

"வாயக் கழுவு. அறுவது வயசுக்கு மேல அவனுக்குக் கிடைச்ச வரம் இது."

அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிட்டு அழுதேன். அவள் ஒரு வழி சொன்னாள். பாட்டுதானே ஓடுகிறது, அந்த மெட்டிலேயே அன்றாடச் சொல்லை வைத்துப் பாடிக் காட்டுங்கள், ஒவ்வொரு அசைக்கும் அவருடைய இடது கையைப் பிடித்துத் தொடையில் தட்டுங்கள், தினமும் செய்யுங்கள் என்றாள். எனக்குப் பாட்டு வராது. கல்யாணத்தில்கூட என்னைப் பாடச் சொல்லவில்லை, குரலைப் பேச்சிலேயே கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. ஆனாலும் மதினி குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்து, அந்த முருகன் பாட்டின் முதல் வரி மெட்டில், 'தண்ணி வேணும்' என்று தட்டித் தட்டிப் பாடினேன். அடுத்த வரியில் 'ஒண்ணுக்குப் போணும்'. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில நாள் கழித்து உதடு அசைந்தது. தொடையில் தட்டுவது மட்டும் நன்றாகப் பிடிபட்டுவிட்டது. ஏதாவது வேண்டுமென்றால் வாய் வராவிட்டாலும் இடது கை தட்ட ஆரம்பித்துவிடும். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் அது ஒன்று உண்டாயிற்று.

மதினி ஒருநாள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து கேட்டுவிட்டாள். "சாமி பாட்டுல ஒண்ணுக்குப் போறதப் பாடுதியே, நாக்கு அழுகிராது?"

"அழுகட்டும். அவுக நாக்கு வரட்டும், எனக்க நாக்கு அழுகட்டும்."

அவள் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அவளைச் சின்னவயதில் கட்டிக்கொடுத்தபோது, வண்டி பின்னாலேயே ஓடிவந்த தம்பி இவர். அவளுக்கும் அவர் பேச வேண்டும், அவள் நம்பிய வழி வேறு. கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். கோட்டைக்குள் ஒரு பஜனை மண்டபத்தில் சஷ்டிக்குப் பாட வைப்பதாக அவள் வாக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். அந்த ஒரு நாள் அவர் பாடட்டும், அதன்பிறகு அந்தப் பெண் வீட்டுக்கு வந்தால் தான் தடுக்க மாட்டேன் என்றாள். சரி என்றேன். அவரைக் கேட்டோம். தலையை ஆட்டினார். அவர்தான் எதற்கும் ஆட்டுவாரே.

சஷ்டி அன்று சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. சக்கர நாற்காலியை மேடையேற்றி, புது வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வாய்க்கு முன்னால் மைக்கை வைத்தார்கள். எனக்குப் பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் இடம். சாம்பிராணிப் புகை எழுந்தது. பாடினார். மண்டபம் 'ம்' கொட்டவில்லை. நானே கைகூப்பிவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் அடியில் அவர் இடது கை தொடையில் தட்ட ஆரம்பித்தது. தாளம் போடுகிறார் என்று பக்கத்திலிருந்த அம்மாள் என்னிடம் பூரித்தாள். தாளம் இல்லை அது. ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டு, நான் பழக்கிய தட்டு. அவர் கண் என்னைத் தேடிக் கண்டுபிடித்து அங்கேயே நின்றுவிட்டது. வாய் மட்டும் வள்ளியையும் தினைப்புனத்தையும் பாடிக்கொண்டே போகிறது. அவரால் நிறுத்த முடியவில்லை. கண்ணிலிருந்து தாரையாக வடிகிறது. "எப்படி உருகுறார் பாருங்க," என்று பின்னால் யாரோ சொன்னார்கள். முருகா முருகா என்று ஒரு கூட்டம் எழுந்து நின்று கும்பிட்டது.

நான் எழுந்து மேடைக்கு ஓடினேன். ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டுதான் போனேன். அவர் இடது கையைப் பிடித்து, அதே மெட்டில், என்னுடைய கட்டைக் குரலில், 'ஒண்ணுக்குப் போணுமா' என்று பாடினேன். மைக் இருப்பது எனக்கு நினைவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது.

பாட்டு நின்றது. அவர் என்னைப் பார்த்தார். மெட்டிலேயே, இழுத்து, "போ-ணும்," என்று பாடினார்.

பக்கவாதத்துக்குப் பிறகு என்னிடம் அவர் சொன்ன முதல் சொல். ஆனால் அதற்குள் நேரம் கடந்துவிட்டது. புது வேட்டி நனைந்து, நாற்காலிக்கு அடியில் சமுக்காளத்தில் ஓடியது. முன்வரிசை அதைப் பார்த்தது. யாரோ மைக்கை அணைத்தார்கள். ஒருவர், "சாமி சன்னிதியில இப்படியா," என்றார். என் சேலை முந்தானையை அவர் மடியில் போட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் தலை நெஞ்சில் கிடந்தது. கிழக்கேகோட்டையின் அத்தனை பஸ் சத்தத்திலும் அவர் அழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

மதினி பின்னாலேயே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவளே அவரைக் குளிப்பாட்டி, வேட்டியை அலசிக் காயப்போட்டாள். மறுநாள் காலையில் காப்பியை என் முன்னால் வைத்து, "அந்தப் பொண்ணுக்கு போன் போடு," என்றாள். சாம்பிராணி டப்பாவை எங்கே கொண்டுபோய் வைத்தாளோ, அதன்பிறகு நான் பார்க்கவில்லை.

பெண் மறுபடி வந்தாள். தண்ணி, போணும், வேண்டாம், வலிக்கி. இந்த நாலும் மெட்டோடு வந்தன, அதுவும் நாலு தரம் முயன்றால் ஒரு தரம். இவை வர வர முருகன் பாட்டு சிதைந்துபோனது. வேலுக்குப் பதில் தண்ணி வந்து நடுவில் முட்டும். கூட்டம் நின்றுவிட்டது. சாமி கொடுத்ததை நான் கெடுத்துவிட்டேன் என்று ஆரியசாலையில் பேச்சு. பேசட்டும். நான் கவலைப்பட்டது அதற்கில்லை. நாலு சொல்லும் அவர் தேவைக்கு வந்தவை. யார் பக்கத்தில் இருந்தாலும் அவர்களிடம் சொல்வார். என்னிடம் என்று ஒன்றும் வரவில்லை.

"சேட்டன் வீட்ல டீச்சரை எப்படி விளிக்கும்? தினமும் விளிக்கிறதுக்கு ஒரு ராகம் இருக்குமே, அது வரலாம்," என்றாள் அந்தப் பெண். அன்றிலிருந்து அவர் எதிரே உட்கார்ந்து ஏளா ஏளா என்று சொல்லிக் காட்டினேன். தட்டிச் சொன்னேன், பாடிச் சொன்னேன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவர் என் வாயையே பார்ப்பார். உதடு அசையக்கூட இல்லை. மழைக்காலம் முழுக்கச் செய்தேன். பிறகு அந்தப் பெண்ணே, "விடுங்க டீச்சரே, சிலது வராது," என்று மெதுவாகச் சொன்னாள். நான் விட்டுவிட்டேன். இனி இந்த வீட்டில் என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். பழகவில்லை.

மதினி ஊருக்குப் போயிருந்த ஒரு நாள். சமைக்கும்போதும் அவர் கண்ணில் பட வேண்டுமே என்று சக்கர நாற்காலியை அடுக்களைக்குள் தள்ளி, ஜன்னலோரம் நிறுத்தியிருந்தேன். வாசலில் யாரோ கூப்பிட்டது போலிருக்க, முன்னறைக்குப் போனேன். யாரும் இல்லை. அவர் முன்பு வழக்கமாக உட்காரும் பழைய நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். என்ன நினைத்தேனோ தெரியவில்லை, ஆத்திரமா ஏக்கமா என்றும் தெரியவில்லை, அங்கிருந்து அடுக்களையைப் பார்த்து, ஏ-யைச் சாதாரணமாக ஆரம்பித்து, ளா-வை மேலே தூக்கி நிறுத்தி, அவர் கூப்பிடுவது போலவே உரக்கக் கூப்பிட்டேன்.

"ஏளா..."

அடுக்களையிலிருந்து சட்டென்று பதில் வந்தது. மெட்டு இல்லை, தட்டு இல்லை, ஒரு எழுத்து இடறவில்லை. நான் சொல்வது போலவே, பாதி அலுப்பும் பாதி அவசரமுமாக வந்தது.

"இந்தா வாரேன்."

நாற்காலிச் சக்கரம் எதிலோ முட்டுகிற சத்தம் கேட்டது. மறுபடி முட்டியது. அவரால் வர முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் எழுந்து போகவில்லை. பதில் வந்துவிட்டதால் மறுபடி கூப்பிடாமல், அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, அவர் வருவதற்காகக் காத்திருந்தேன்.